துணியில் இறங்காத மெழுகு

மெழுகுச் சட்டியிலிருந்து முதல் புகை நூல் மாதிரிக் கிளம்பியதும் நாங்கள் எல்லாரும் எழுந்து ஓடிவிட்டோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கத்தவும் இல்லை. கையில் இருந்ததை இருந்த இடத்தில் போட்டுவிட்டு, செருப்பைத் தேடாமல், ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே வந்து, சமுதாயக் கூடத்துக்கு எதிரே இருக்கிற வேப்பமரத்தடியில் போய்த்தான் நின்றோம். திரும்பிப் பார்த்தால் டீச்சர் மட்டும் உள்ளே தனியாக நிற்கிறாங்க, கையில் பிரஷ்ஷோடு.

"என்னக்கா, பாம்பா?" என்று கேட்டாங்க.

"இல்ல டீச்சர், புகை."

"மெழுகு காஞ்சா புகையத்தான செய்யும்?"

"அதான் டீச்சர் ஓடியாந்தோம்," என்றாள் எங்களில் ஒருத்தி. "புகையக் கண்டா ஓடுறது ஒண்ணுதான் நாங்க ஒழுங்காப் படிச்ச படிப்பு."

டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிச்சாங்க. நாங்களும் சிரித்தோம், மரத்தடியில் நின்றபடியே. உள்ளே போக ஒருத்திக்கும் கால் வரவில்லை. என் மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வேப்பமரத்தையும் தாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றிருந்தாள்.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் கம்பெனி வேன் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். வீட்டுக்கு ஒரு ஆளாவது பட்டாசு வேலைக்குப் போகிற ஊர். அந்த வேலையில் சேர்கிறவளுக்கு முதலில் சொல்லித் தருவது ஓடுவதைத்தான். ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் எதற்கு என்று போன அன்றைக்கே தெரிந்துவிடும். உடம்பில் இருக்கிற கரண்டு இறங்க வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகணும். கொலுசு, ஹேர்பின் கூடாது. நைலான் சேலை கூடாது. டப்பாவைத் தரையில் இழுக்கக் கூடாது. வெடிமருந்தை மொத்தமாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. தூரத்து ரூமில் கலந்து, கொஞ்சங் கொஞ்சமாக வாங்கி வந்துதான் வெடிக்குள் செலுத்தணும். புகை வாசனை வந்தால் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. முட்டி வலி வந்து நிற்கிற வரைக்கும் நானும் அந்த வேலை பார்த்தவள்தான். அப்படிப்பட்ட எங்களிடம் ஒரு டீச்சரம்மா வந்து, அடுப்பில் சட்டியை ஏற்றி, லேசாகப் புகையட்டும், அப்போதுதான் நல்லது என்று சொன்னால் உடம்பு கேட்குமா?

மருமகளைப் பற்றிச் சொல்லணும். என் மகன் லாரி ஓட்டுகிறான். வடக்கே லோடு ஏற்றிப் போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டுக்காரருக்கு இளைப்பு, தீப்பெட்டி ஆபீஸில் இழுத்த மூச்சு இன்னும் வெளியே வரவில்லை என்று அவரே கேலி பேசிக்கொள்வார். வீட்டில் நிரந்தரமாகச் சம்பாதித்தது மருமகள்தான். மருந்து செலுத்துகிற வேலையில் அவளுக்கு நல்ல கை. சிந்தாமல், அடிக்காமல், பூத்தொடுக்கிற மாதிரிச் செய்வாள். ஒருநாள் மத்தியானம் அவள் ரூமுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ரூம் வெடித்தது. அவள் ஓடிவிட்டாள். வேனில் தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற பெண் ஓடவில்லை. அந்த ரூமில் இருந்த யாரும் ஓடவில்லை. மருந்து உராய்வு என்று சொன்னார்கள். கம்பெனியைப் பூட்டினார்கள்.

என் மருமகளுக்கு மேலுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. மாரியாத்தா போட்ட பிச்சை. ஆனால் அதற்குப் பிறகு குக்கர் விசில் அடித்தால் கையிலிருக்கிற பாத்திரம் விழும். அடுப்படிக்கு வரமாட்டாள். சமையலை நான் பார்த்துக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்து ஒரு காலையில் என் பேரப்பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"கம்பெனி திறந்தாலும் நான் போகமாட்டேன், அத்தை. கோவிச்சுக்காதீக."

"யார் போகச் சொன்னா? நீ இரு தாயி," என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆனால் எதை வைத்துச் சொன்னேன்? அந்த வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போய் ஆத்தா முன்னால் நின்று, இந்தப் பெண்ணுக்கு வேறு ஒரு பிழைப்பைக் காட்டு, அவளை அந்த வேனில் மறுபடியும் ஏற விடாதே என்று கேட்டேன். எனக்காக நான் எதையும் அப்படி அழுது கேட்டதில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் மகளிர் குழு மூலமாக துணியில் மெழுகு பூசிச் சாயம் போடுகிற இந்த பத்திக் வகுப்பு வந்தது. கம்பெனி பூட்டிக் கிடக்கிற ஊர்ப் பெண்களுக்கு ஒரு கைத்தொழில் என்றார்கள். டீச்சர் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வந்தாங்க. ஆத்தாதான் அனுப்பினாள் என்று நான் நம்பினேன். இதில் சந்தேகப்பட எனக்கு என்ன இருக்கிறது?

வேலை பார்க்கச் சுலபமாகத் தெரியும். மெழுகை உருக்கி, எங்கே சாயம் ஏறக் கூடாதோ அங்கே பிரஷ்ஷால் பூசணும். பிறகு துணியைச் சாயத் தொட்டியில் முக்கணும். மெழுகு இருக்கிற இடத்தைச் சாயம் தொடாது. காய்ந்ததும் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் மெழுகு கழன்று மேலே மிதக்கும், துணியில் படம் நிற்கும். மெழுகு அங்கங்கே விரிசல் விட்டு, அதற்குள் சாயம் மயிரிழை மாதிரி ஓடியிருக்கும். அந்த விரிசல்தான் அழகு என்பாங்க டீச்சர்.

சூடுதான் எங்களுக்குப் பிரச்சினை. டீச்சர் அடுப்பைக் கூட்டி வைப்பாங்க, அவங்க திரும்பினதும் யாராவது ஒருத்தி குறைத்து வைப்பாள். திரும்ப வந்து கூட்டுவாங்க. ஒருநாள் பொறுக்க முடியாமல் என்னைப் பார்த்துக் கேட்டாங்க:

"பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர்ல தீச்சட்டி எடுப்பீகன்னு சொன்னீகளேக்கா. உள்ளங்கையில நெருப்ப வச்சுக்கிட்டு ஊரைச் சுத்துறவுக, இந்த மெழுகுச் சட்டிக்கா பயப்படுறீக?"

"அது ஆத்தா பிடிச்சிருக்கிற தீ, டீச்சர். கை மட்டுந்தான் என்னுது. இத நான்ல பிடிக்கணும்."

"சரியாப் போச்சு. அப்ப இதையும் ஆத்தாகிட்டயே குடுத்துருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அது பதிலாகத் தோன்றியது. அன்றிலிருந்து அடுப்பைப் பற்ற வைக்கும்போது மனசுக்குள் ஆத்தா பேரைச் சொல்லிக்கொள்வேன். பயம் குறையவில்லை.

மருமகள் ஆரம்பத்தில் கூடத்தின் கடைசி மூலையில், வாசலை ஒட்டித்தான் உட்காருவாள். ஆனால் கோடு போடச் சொன்னால் அவள் கைக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. மருந்து செலுத்திப் பழகிய கை. சொட்டுச் சிந்தாது. டீச்சர் மாங்காய் போடச் சொன்னாங்க, மீன் போடச் சொன்னாங்க, போட்டாள். பிறகு அவளாகவே வேப்பிலைக் கொத்து ஒன்று போட்டாள். இலைக்கு ஓரத்தில் இருக்கிற பல் எல்லாம் தெரிகிற மாதிரி. எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏளா, ஆத்தா இலைய இடுப்புல கட்டலாமா? கால்ல கையில படுமே."

"ஆத்தாவுக்கு நேந்துக்கிட்டு வேப்பிலையக் கட்டிக்கிட்டுச் சுத்துறாக. அது என்ன, தலையிலயா கட்டுறாக?" என்றாள்.

வகுப்பு ஆரம்பித்த பிறகு அவள் பேசிய முதல் துடுக்குப் பேச்சு அது. எனக்குத் தெரியும், அவள் திரும்பி வந்துகொண்டிருக்கிறாள்.

அந்த வேப்பிலைதான் எங்களுக்கு ஆர்டர் வாங்கித் தந்தது. டீச்சர் அதை மதுரையில் ஒரு கடையில் காட்டினாங்க. துப்பட்டாவாகப் போட்டுத் தரச் சொன்னார்கள். இளமஞ்சள் இலை, சுற்றிலும் அரக்கு நிறம். இது நல்லபடியாகப் போனால் மாசாமாசம் ஆர்டர் வரும், எங்களுக்கென்று ஒரு ஷெட் பார்க்கலாம் என்று டீச்சர் சொன்னாங்க. வகுப்பு முடிந்துவிட்டது, அவங்க இன்னொரு ஊருக்குப் போகணும். இளமஞ்சள் துணி, மெழுகு, சாயம் எல்லாம் இறக்கி வைத்துவிட்டு, "உங்களுக்கே எல்லாம் தெரியும்க்கா, செய்ங்க" என்று சொல்லிவிட்டுப் போனாங்க.

அன்றைக்கு நாங்கள் கூடிப் பேசினோம். டீச்சர் இல்லாமல் அந்தச் சட்டியைக் கூடத்துக்குள் வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். இப்போது நினைத்தால், அதைவிடக் கச்சிதமான ஏற்பாட்டை எந்த ஃபோர்மேனும் செய்திருக்க மாட்டான். அடுப்பை வெளியே வேப்பமரத்தடியில் வைத்தோம். அங்கே ஒருத்தி மட்டும் மெழுகு உருக்குவாள். பக்கத்தில் மணல் வாளி, தண்ணீர் வாளி. இன்னொருத்தி சின்னக் கிண்ணங்களில் கொஞ்சங் கொஞ்சமாக வாங்கி உள்ளே கொண்டுபோவாள். உள்ளே மூலைக்கு ஒருத்தியாக நாலு பேர், அதற்கு மேல் கூடாது. எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். என் வீட்டுக்காரர் ஒருநாள் இளைக்க இளைக்க நடந்து வந்து பார்த்துவிட்டு, "இதுதான் முறை. இப்படி இருந்தா ஒரு விபத்து வராது," என்று மெச்சிவிட்டுப் போனார்.

ஒரு விபத்தும் வரவில்லை. ஒரு தடவைகூடப் புகை வரவில்லை.

உள்ளே வந்து சேர்கிற மெழுகு கெட்டியாக, வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். துணியில் பூசினால் அப்படியே மேலே நிற்கும். பார்க்க எடுப்பாக இருந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் மெழுகு தெரியணும் என்று டீச்சர் சொல்லியிருந்தாங்க. தெரியவில்லை. அதற்கென்ன, பின்பக்கமும் ஒரு தடவை பூசிவிடுவோம் என்று முடிவு செய்தோம். இரண்டு பக்கமும் பூசினால் இன்னும் பத்திரம்தானே? ஒவ்வொரு துப்பட்டாவுக்கும் இரட்டை வேலை. இடுப்பு ஒடிந்தது. ஆனால் யாரும் முணுமுணுக்கவில்லை. மருமகள் விடிந்ததும் முதல் ஆளாகக் கூடத்தைத் திறந்து கூட்டுவாள். பாட்டுக்கூட முணுமுணுத்தாள். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

அரக்குச் சாயத்தில் முக்கி எடுத்துக் கொடியில் போட்டபோது அவ்வளவு அழகு. அரக்குத் துணியில் மெழுகு இலைகள் தூக்கலாக நின்றன. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நான் ஒரு இலையைத் தொட்டு ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.

பிறகு கொப்பரையில் தண்ணீர் கொதிக்க வைத்து முதல் துப்பட்டாவைப் போட்டோம். மெழுகு கழன்று மிதந்தது. கம்பால் தூக்கி எடுத்தோம். மஞ்சள் இலை எங்கே? மெழுகுக்கு அடியில் சாயம் பூந்து இலை எல்லாம் கலங்கிப் போயிருந்தது. துருப்பிடித்த தகரத்தில் மழைத்தண்ணீர் ஓடின மாதிரி ஒரு நிறம். இலையின் பல் ஒன்றுகூட இல்லை. இது ஒன்றுதான் கெட்டுப்போனது என்று அடுத்ததைப் போட்டோம். அதுவும் அப்படித்தான். ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தோம். பாதியில் மருமகள் கம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் மறுநாள் வந்தாங்க. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாங்க. மிச்சமிருந்த மெழுகை நகத்தால் கீறினாங்க. செதில் மாதிரிப் பெயர்ந்து வந்தது.

"அடுப்பு எங்கன இருந்துச்சு?"

காட்டினோம். பெருமையாகத்தான் காட்டினோம், கடவுளே. மணல் வாளியையும் காட்டினோம்.

"அங்கயிருந்து இங்கன கிண்ணத்துலயா கொண்டாந்தீக?"

"ஆமா டீச்சர். கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொண்டாந்தோம். ஒரு பொட்டுப் புகை வரவிடலையே."

டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்துட்டாங்க. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "மெழுகு தண்ணி மாதிரி இருந்தாத்தான்க்கா நூலுக்குள்ள இறங்கும். நீங்க துணி மேல ஒரு போர்வையப் போத்தி விட்டுருக்கீக. போர்வைக்கு அடியில சாயம் பூந்துருச்சு," என்றாங்க. பிறகு, "என் மேலயும் தப்பு. நீங்க எங்கயிருந்து வர்றீகன்னு நான் யோசிச்சிருக்கணும்," என்றாங்க.

அவங்க நல்ல மனுஷி. கடைக்காரரிடம் கெஞ்சி, இன்னொரு தடவைக்குக் கொஞ்சம் துணி வாங்கி வந்தாங்க. ஒரு வாரம் தவணை. இந்தத் தடவை அடுப்பு உள்ளேதான் இருக்கணும், துணி கட்டுகிற மரச்சட்டத்துக்குப் பக்கத்திலேயே. சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிவிட்டு, யார் சட்டிக்குப் பக்கத்தில் உட்காருகிறது என்று கேட்டாங்க. ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம்.

"நான் உக்காருறேன்," என்றாள் என் மருமகள்.

"வேண்டாம் தாயி."

"வேற யார் இருக்கா? இலை என் கைக்குத்தான வரும்?" என்றாள். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, என் முந்தானையப் பிடிச்சுக்கங்க. எந்திரிச்சு ஓடுனா இழுத்து உக்கார வைங்க."

நான் அவள் பின்னால் தரையில் உட்கார்ந்து முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். மெழுகு உருகியது. வெள்ளை போய்த் தெளிந்தது. தெளிந்து எண்ணெய் மாதிரி ஆனது, பிறகு தண்ணீர் மாதிரி. பிறகு புகை வந்தது. முந்தானை என் கையில் ஒருதரம் வெட்டி இழுத்தது. நான் பிடித்தேன். என் காலும் தானாக எழப் பார்த்தது. ஆத்தா ஆத்தா என்று சொல்லிக்கொண்டு அழுத்தி உட்கார்ந்தேன். அவள் பிரஷ்ஷை முக்கித் துணியில் வைத்தாள். மெழுகு உடனே மறைந்து போனது. துணிக்குள் போய்விட்டது. மெழுகு பட்ட இடம் எண்ணெய்க் காகிதம் மாதிரிக் கண்ணாடியாகத் தெரிந்தது. டீச்சர் குனிந்து அடியில் பார்த்து, "இறங்கிருச்சு!" என்று கத்தினாங்க.

அந்த முதல் துப்பட்டா சாயம் போட்டு மெழுகு கழன்று வந்தபோது, மஞ்சள் இலை ஒவ்வொன்றும் பல்லோடு நின்றது. நடுவில் நரம்பு மாதிரி விரிசல். மருமகள் அதை நனைந்தபடியே தோளில் போட்டுக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அவள் கல்யாணத்துக்குப் பார்த்தது.

அடுத்து வந்த நாட்களில் அவள் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தாள். அடுப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அவளே. முந்தானையை நான் பிடிக்கத் தேவையில்லாமல் போனது. பார்த்துப் பார்த்து மற்றவர்களும் கிட்டே வந்தார்கள். கூடம் முழுக்கப் புகை வாசனை. ஜன்னல் வழியாகப் புகை பின்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கூடத்துக்குப் பின்சுவரை ஒட்டி ஒரு வீடு. எனக்கு மதினி முறை ஆகணும். அவளும் அவள் வீட்டுக்காரரும் பூட்டின கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். ஒருநாள் மத்தியானம் மதினி வந்து கூடத்துப் படியில் உட்கார்ந்தாள். உள்ளே வா என்றால் வரவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அடுப்ப அணைக்கச் சொல்லு," என்றாள்.

"ஏன், புகை கண்ணக் கரிக்குதா? அந்த ஜன்னலச் சாத்திருவோம்."

"புகை இல்ல. தீ. எங்க சுவத்துக்கு இந்தப் பக்கம் தீ எரியக் கூடாது." என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் வாயத் தொறந்து சொல்லணுமா? உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். கம்பெனி பூட்டிக் கிடக்கக் கிடக்க, வீட்டுக்கு வீடு திரி வேலை வந்திருந்தது. வெடிக்கு வைக்கிற கருந்திரி. மருந்து தோய்த்த நூல். வீட்டில் வைத்து அதைச் செய்யக் கூடாது. செய்கிறவர்களும் சொல்லமாட்டார்கள், பார்க்கிறவர்களும் சொல்லமாட்டார்கள். நான் மட்டும் யோக்கியமா? ஒரு காலத்தில் எங்கள் வீட்டுப் பரணிலும் அது காய்ந்திருக்கிறது.

"எங்க வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"சுவத்தை ஒட்டித்தான். வேற இடம் எங்க இருக்கு? பிள்ளைக படுக்குற இடம் போக."

"கொஞ்ச நாள் பொறு மதினி. இந்த ஆர்டர் முடியட்டும்."

"நான் பொறுப்பேன். அது பொறுக்குமா?" என்றாள். பிறகு எரிச்சலோடு, "உன் மருமகளுக்கு ஒரு பிழைப்பு வேணும்னு நீ ஆத்தாகிட்ட கேட்ட. நான் கேக்கலையா? எனக்கு இதுதான் குடுத்தா," என்றாள்.

நாங்கள் பேசுவது உள்ளே கேட்டுவிட்டது. நான் திரும்பியபோது மருமகள் எழுந்து நின்றிருந்தாள். அடுப்பைத் திருகி அணைத்தாள். பிடிதுணியை எடுத்து, புகைந்துகொண்டிருந்த சட்டியைத் தானே தூக்கி, வாசல் வழியாக வெளியே கொண்டுபோய், ரோட்டைத் தாண்டி வெறுந்தரையில் இறக்கி வைத்தாள். திரும்பி வந்து, சட்டத்திலிருந்து பாதி பூசின துணியை அவிழ்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம்தான தாயி," என்றேன்.

"அங்க பிள்ளைக இருக்கு, அத்தை," என்றாள்.

டீச்சருக்கு போன் போட்டோம். காரணத்தை எப்படிச் சொல்வது? புகைக்கு ஊரில் எதிர்ப்பு என்று மட்டும் சொன்னோம். கரண்டு அடுப்பு ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்றாங்க. அதையும் மதினியிடம் கேட்டுப் பார்த்தேன். "தீயாவது கண்ணுக்குத் தெரியும், ஓடலாம். கரண்டு பொறி சொல்லிக்கிட்டா வரும்?" என்றாள். ஊரில் வேறு இடம் தேடினோம். கோயில் பின்னால் இருக்கிற கொட்டகையைக் கேட்டோம். அதை ஒட்டியிருக்கிற வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கீழத்தெருவில் ஒரு காலி வீடு இருந்தது. பக்கத்து வீட்டில் ஜன்னல் எல்லாம் சாக்குப் போட்டு மறைத்திருந்தது. போன வழியே வந்துவிட்டோம். எங்கள் ஊரில் ஒரு சட்டி மெழுகைப் பயமில்லாமல் கொதிக்க வைக்க ஒரு சுவர் இல்லை. ஊரை விட்டுத் தள்ளிப் பொட்டலில் வைத்துப் பார்த்தோம்; காற்று அடுப்பையும் அணைத்தது, மெழுகையும் ஆற்றியது, ஈரச் சாயத்தில் புழுதியையும் அப்பியது. காரியாபட்டிப் பக்கம் வந்துவிடுங்கள், ஷெட் இருக்கிறது என்றாங்க டீச்சர். சாத்தூர் போய், மதுரை ரோட்டில் பஸ் மாறி, அங்கே போய்ச் சேர்வதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிடும். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி? அதற்குள் தவணையும் போனது. அந்த ஆர்டரைக் கடைக்காரர் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டாராம். எங்களுக்கு இனி வேண்டாம் என்றுவிட்டார். டீச்சர் அதைச் சொல்ல நேரில் வந்தாங்க. டீ குடித்தாங்க. போகும்போது மருமகளைக் கட்டிப் பிடித்து அழுதாங்க. அவள் அழவில்லை.

பிறகு கம்பெனி திறந்தது. புதுசாக வெள்ளையடித்து, வெடித்த ரூமை இடித்துத் தள்ளிவிட்டு, ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னார்கள். திரி வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் வேனுக்குத் திரும்பினார்கள். மதினியும் போனாள். அவர்களுக்கு அது நல்லதுதான்.

மகன் போனில் வீட்டுச் செலவைப் பற்றிப் பேசும்போது மருமகள் "சரி, சரி" என்று மட்டும் சொன்னதைக் கேட்டேன். நான் அவளுக்குத் தெரியாமல் ஃபோர்மேனைப் போய்ப் பார்த்தேன். தெரிந்த பையன்தான், சின்ன வயசிலிருந்து.

"என்னைச் சேத்துக்கய்யா. அவளுக்குப் பதிலா நான் வர்றேன். பழைய கைதான், மறக்கல."

அவன் என் காலைப் பார்த்தான். "பெரியம்மா, உங்க முட்டிய வச்சுக்கிட்டு நாலு வாசல் இருந்து என்ன செய்ய?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் சொன்னான்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவளுக்குச் செய்தி தெரிந்திருந்தது. "எதுக்கு அத்தை அங்கன போய் நின்னீக? நான் போறேன்னு நேத்தே சொல்லிவிட்டாச்சு," என்றாள்.

"போகமாட்டேன்னு சொன்னியே தாயி."

"சொன்னேன்," என்றாள்.

ஆத்தாகிட்ட போனேன். விழுந்து கும்பிட்டேன். இந்தத் தடவை கேட்க வாய் வரவில்லை. வேறு பிழைப்பைக் காட்டு என்று கேட்டேன், காட்டினாள். அவள் காட்டியதை வைத்துக்கொள்ள எங்கள் ஊருக்குள் இடமில்லை. இதற்கு ஆத்தாவை எப்படிக் குறை சொல்வது? குறை சொல்லவும் தெரியவில்லை, நன்றி சொல்லவும் தெரியவில்லை. குங்குமத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காலையில் வேன் ஹார்ன் அடித்தது. அவள் வெளுத்த நூல் சேலை கட்டியிருந்தாள். கொலுசைக் கழற்றிப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் யாரோ ஒரு புதுப் பெண்.

பகல் முழுக்க நான் எந்த வேலையும் பார்க்கவில்லை. வீட்டுக்காரர், "வந்துருவா, வந்துருவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் வேன் வந்தது. இறங்கி வந்தாள். கை ரெண்டும் முழங்கை வரைக்கும் மருந்துப் பொடி ஏறி வெள்ளிப் பூச்சாக மின்னியது. பிள்ளை ஓடிப்போய்த் தூக்கச் சொன்னது.

"தொடாத, தொடாத. அம்மா குளிச்சிட்டு வந்துர்றேன்," என்று விலகி நின்றாள்.

பின்கட்டில் தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். நான் ஊற்ற, அவள் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தேங்காய் நாரை எடுத்துக் கொடுத்தேன். விரல் சந்துகளில் இருந்தது போகவில்லை.

"எப்படி இருந்துச்சு தாயி?"

"வேலைதான அத்தை."

"பயமா இருந்துச்சா?"

"ரூமுக்கு வாசல் பக்கமா இடம் குடுத்திருக்காக," என்றாள்.

குளித்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். பசிக்கிறது என்றாள். சோறு போட்டேன்.